யதுர்சிகாவின் ஞானத்தகப்பன்

12 ஒக்டோபர் 2016

முன்னறையை இன்று வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். இவர் கண்ணை மூடிய பிறகு அந்த அறையில் இவருடைய தபால் கந்தோர்க் குடையும் ஓர் அலுமாரியும் சும்மா கிடந்தன. பிள்ளைகள் இல்லாத வீட்டின் வாசலில் ஓர் ஆணின் செருப்புக் கிடப்பது நல்லது என்று றோசலின் சொல்லிக்கொண்டே இருந்தாள். றோசலின் அடுத்த வளவுப் பெண். கடலுக்குப் போகும் டிலானின் மனைவி. பிள்ளை பிறந்து ஒரு மாதம்.

வந்தவன் பெயர் நிக்சன். முப்பது வயது இருக்கும். இங்கே ஆலங்குடாவில் நண்டும் இறாலும் வாங்கி நீர்கொழும்புக்கு அனுப்பும் ஒரு முதலாளியிடம் வேலையாம். சிலாபத்துக்குக் கிட்ட ஊர் என்றான். தமிழில் சிங்கள வாடை அடிக்கிறது. அந்தப் பக்கத்தார் எல்லோரும் அப்படித்தான்.

எவர் வந்தாலும் செய்வதுபோல, உண்மையான கத்தோலிக்கனா என்று பார்க்க, மாதாவின் கிருபை தயாபத்துச் செபத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன். முன்பு அறை கேட்டு வந்தவர்கள் இந்த இடத்தில்தான் விழித்தார்கள். இவன் மிச்சத்தைத் தடுமாறாமல் முடித்தான். எழும்பும்போது கதிரையை இழுக்கவில்லை, தூக்கி வைத்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு அது படியவே ஒரு வருஷம் பிடித்தது.

19 ஒக்டோபர்

மாலையில் கோயிலில் திரிகாலச் செப மணி அடித்தபோது நிக்சன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றான். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான். நான் பார்த்தேன்.

6 நவம்பர்

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள். பிள்ளையை ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்க இருந்த டிலானின் சிநேகிதன் இத்தாலிக்குப் போய்விட்டான். ஆளுக்கு எங்கே போவது என்று றோசலின் வந்து அழுதாள். “ஏன் வெளியில் தேடுகிறாய்? என் முன்னறையில் ஒருவன் இருக்கிறான்,” என்றேன்.

நிக்சனைக் கேட்டபோது முகம் ஒருமாதிரிப் போயிற்று. “நான் வேணாம் அம்மா. வேற ஆளப் பாருங்க.” இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமா என்று எனக்கு அவன் மேல் இன்னும் மதிப்புக் கூடியது. விடாமல் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

கோயில் சுவாமியார் அவனுடைய பங்குக் கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். “நான் சொல்லுகிறேன், சுவாமி. போதாதா?” என்று கேட்டேன். போதும் என்றார்.

20 நவம்பர்

மரியா யதுர்சிகா. தண்ணீர் பட்டதும் வீரிட்டாள். பசாசையும் அதன் வஞ்சகங்களையும் விட்டுவிடுகிறாயா என்று சுவாமியார் கேட்க, “விட்டுவிடுகிறேன்” என்று நிக்சன் சொன்ன குரல் கோயிலின் கடைசி வாங்குப் பலகைவரை கேட்டது.

சாப்பாட்டின்போது டிலான் அவன் தோளில் கையைப் போட்டு, “இனி நீ கேட்டு நான் இல்லையெண்டு சொன்னால் என்ர பிள்ளைக்கு ஆகாது,” என்றான். இந்தக் கரையில் எங்கள் ஆட்கள் அதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பிள்ளையைத் தொட்டுத் தூக்கியவனோடு பெற்றவன் சண்டை பிடிக்க மாட்டான். அவன் கேட்பதை மறுக்க மாட்டான். சொந்தத் தம்பிக்குச் சொல்லும் ‘இல்லை’யை அவனுக்குச் சொல்ல முடியாது.

சோற்றில் உப்புக் குறைவு. மற்றதெல்லாம் ஒழுங்கு.

18 டிசம்பர்

விறாந்தையில் நிக்சனும் டிலானும் இருந்தார்கள். நான் உள்ளே பலகாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். டிலானின் குரல் உயர்ந்தது: “வேண்டாம் மச்சான். உந்தப் பார்சல் வேலைக்கெல்லாம் நான் போறேல்ல. மீனைத் தவிர ஒண்டும் என்ர போட்டிலை ஏறாது.” நிக்சன் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். இந்தியாவிலிருந்து களவாக வரும் பீடி இலைக் கதையாக இருக்கும். இந்தக் கடலில் அதுதானே நடக்கிறது. டிலான் மறுத்தது எனக்குச் சந்தோஷம்.

9 ஜனவரி 2017

டிலானின் படகு எஞ்சின் பழுது. ஒரு கிழமையாகக் கடலுக்குப் போகவில்லை.

இன்றும் விறாந்தையில் கதை. “ஒரே ஒரு தடவ மச்சான். எனக்காக. பிள்ளைக்கு நான் யாரு?” என்று நிக்சன் கேட்டது காதில் விழுந்தது. பிறர் கதையை ஒட்டுக்கேட்பது அழகில்லை. எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

9 பெப்ரவரி

எழுத்து என்னுடைய எழுத்துப் போலவே இல்லை.

விடியற்காலை றோசலின் வேலியால் பாய்ந்து ஓடிவந்தாள். “அன்ரி, அவரைப் பிடிச்சிட்டாங்கள்! நிக்சன் அண்ணையை எழுப்புங்கோ!” முன்னறைக் கதவு திறந்திருந்தது. படுக்கை விரிப்பு மூலைக்கு மூலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. உடுப்பு ஒன்றும் இல்லை.

கரைக்குப் போனோம். டிலானின் படகைச் சுற்றிப் பொலிஸ். மணலில் இரண்டு பொதி, கேரளக் கஞ்சாவாம். டிலானின் ஒரு கையை ஒரு கொன்ஸ்டபிள் பிடித்திருந்தான். மற்றக் கையைப் பிடித்திருந்தவன் நிக்சன். கழுத்தில் பொலிஸ் அடையாள அட்டை தொங்கியது.

டிலான் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கோபமில்லை. விளங்காத பார்வை. “நீதானே மச்சான் கொண்டுவரச் சொன்னனி?” என்று கேட்டான். அவ்வளவுதான்.

கடவுளே, உவனுக்கோ நான் பால் ஊத்தித் தேத்தண்ணி குடுத்தனான்? உவனையோ?

10 பெப்ரவரி

நேற்று ஜீப்பில் ஏற்றும்போது ஒரு கொன்ஸ்டபிள் டிலானின் தலையில் ரோச் லைட்டால் அடித்திருக்கிறான். சனம் ஜீப்பை மறித்தது. யாரோ போனில் படம் எடுத்து இணையத்தில் விட்டார்கள். இன்று கொழும்புவரை போய்விட்டதாம்.

றோசலினிடம் போனேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீங்கள்தானே அன்ரி சொன்னீங்கள். நல்ல பெடியன் எண்டு.”

பிறகு எழும்பிக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

16 பெப்ரவரி

அடித்த கொன்ஸ்டபிளை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். ஊரில் வெடி கொளுத்தினார்கள். இனி எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கிறேன். தவறு செய்தவனைத் தண்டித்துவிட்டார்கள் அல்லவா?

23 பெப்ரவரி

வழக்கின் முதல் தவணை. ஆட்டோக்காரர் தாஹிர் கூட்டிக்கொண்டு போனார். தொண்ணூறில் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். அதிகம் கேள்வி கேட்க மாட்டார்.

பொலிஸ் தரப்பில் அறிக்கை இல்லை. அறிக்கை வராமல் பிணையைப் பற்றிப் பேச முடியாது என்று நீதவான் சொன்னார். டிலானைத் திரும்பவும் விளக்கமறியலுக்குக் கொண்டு போனார்கள். நெற்றியில் தையல்.

அவன் தானாகத் தேடிப்போகவில்லை, கேட்டுக் கேட்டு இழுத்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா என்று றோசலினின் சட்டத்தரணி கேட்டார். “நான் இருக்கிறேன்,” என்றேன். அப்படியானால் பொலிஸில் வாக்குமூலம் கொடுங்கள் என்றார்.

1 மார்ச்

சாம்பல் புதன். கோயிலில் றோசலின் வேறு வாங்கில் போய் இருந்தாள்.

7 மார்ச்

வெள்ளைச் சேலை உடுத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் நிமிர்ந்து, “என்ன அம்மே விசயம்?” என்றார்.

“வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.”

“யார் வரச் சொன்னது?”

“ஒருவரும் இல்லை. நானாக வந்தேன்.”

“அப்ப நாளைக்கு வாங்க. எழுதுற ஆள் இல்ல.”

அவருக்குப் பின்னால் வாங்கு நிறையப் பொலிஸ்காரர். எல்லோர் பையிலும் பேனை. ஒருவர் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் அவர்களைப் பார்த்தேன். சார்ஜன்ட் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“அம்மே, எழுதினாத்தானே பிழை வரும்? வெளிய போனாத்தானே படம் எடுப்பாங்க? சும்மா இருக்கிறவன யாரும் வேலையால நிப்பாட்ட ஏலாது.”

அவருடைய சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. “ஊசி நூல் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டேன்.

“அதுக்கும் மேல இருந்து ஓடர் வரணும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு கந்தோரில் என்னைப் பார்த்து இப்படி யாரும் சிரித்ததில்லை.

8 மார்ச்

போனேன். நாளைக்கு வரட்டாம்.

9 மார்ச்

பொறுப்பதிகாரி லீவாம். அவருடைய அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

4 ஏப்ரல்

தங்கள் ஆளை இடைநிறுத்திய கோபத்தில் பொலிஸ்காரர் ஒரு வேலையும் செய்வதில்லையாம். ஜீப் நிலையத்து வாசலிலேயே நிற்கிறது. சில்லுகளுக்குக் கீழே புல் முளைத்துவிட்டது. ரோந்து இல்லை, சந்தியில் மறிப்பு இல்லை. பெடியள் தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராக ஒரு மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். ஊருக்குக் கொண்டாட்டம். மறியலில் இருப்பவனை நினைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இரண்டாவது தவணையும் போயிற்று. கஞ்சாப் பொதியைப் பரிசோதனைக்கு இன்னும் அனுப்பவில்லையாம். வண்டி இல்லை, ஆள் இல்லை. கரையில் பகலிலேயே பொதி இறங்குகிறது. அதைப் பிடிக்கவும் ஆள் இல்லை. பிடித்தது ஒருவனை மட்டும்தான். அதுவும் மாட்டேன் என்றவனை.

21 ஏப்ரல்

கரையில் வாடிக் குடிசைக்குள் வைத்திருந்த டிலானின் வலைகளைக் களவெடுத்துவிட்டார்கள். றோசலின் முறைப்பாடு கொடுக்கப் போனாள். “புருசன் வந்து சொல்லட்டும்,” என்று அனுப்பினார்களாம். புருஷனை வைத்திருப்பதே அவர்கள்தானே! தாஹிர்தான் இதை எனக்குச் சொன்னார். றோசலின் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

வேலிக்கு மேலால் ஒரு பால்மாப் பெட்டி வைத்தேன். மாலைவரை அங்கேயே இருந்தது. எறும்பு ஏறும் என்று திரும்ப எடுத்து வந்தேன்.

17 மே

நானில்லாமல் நிக்சன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக ஆகியிருக்க முடியாது. ஞானத்தகப்பனாக ஆகாமல் அவன் கேட்டிருந்தால் டிலான் முகத்துக்கு நேரே மறுத்திருப்பான். டிசம்பரில் வெறும் சிநேகிதனாகக் கேட்டபோது மறுத்தானே. இரண்டாம் தடவை அவன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

வேண்டாம் என்று சொன்னவனை நான்தான் சம்மதிக்க வைத்தேன். வேறு வழியால் எப்படியும் டிலானைப் பிடித்திருப்பானோ? தெரியவில்லை. அந்த ‘வேணாம் அம்மா’வை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

8 ஜூன்

தாஹிர் நோன்போடு வெயிலில் என்னை நிலையத்துக்கு ஏற்றிப் போனார். போக வேண்டாம், இளைப்பாறுங்கள் என்றேன்.

“அது பரவால்லம்மா. எங்கட நோன்பு பெருநாளோட முடிஞ்சிரும். பொலிஸும் இப்ப நோன்பு. அவங்கட பெருநாள் எப்பன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.”

பெப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

சார்ஜன்ட் என்னைக் கண்டதும் வாங்கில் இடம் விட்டார். வாக்குமூலம் எழுதவில்லை. ஆனால் தேத்தண்ணீர் தந்தார். பொத்தான் இன்னும் இல்லை.

29 ஜூன்

தாதி பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, பாரம் காணாது என்று றோசலினை ஏசினாளாம். றோசலின் கருவாட்டு வாடியில் வேலைக்குப் போகிறாள். பிள்ளையை ஒரு பெட்டிக்குள் இருத்தி நிழலில் வைத்திருப்பதை வீதியிலிருந்து பார்த்தேன். ஒன்பது மாதப் பிள்ளை ஆறு மாதம்போல இருக்கிறது.

20 ஜூலை

அவனைக் கண்டேன்.

நீதிமன்ற விறாந்தையில், சீருடையோடு. நெஞ்சில் அவனுடைய உண்மையான பெயர் எழுதிய தகடு. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். மணி அடித்தபோது எழும்பி நின்றானே, அதே மாதிரி.

“அம்மா.”

“நான் திருமதி சவிரிமுத்து. உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றேன். அவனை ‘நீங்கள்’ என்று அழைத்தது அவனுக்குச் சுட்டிருக்க வேண்டும். தொப்பியைக் கையில் உருட்டினான்.

“அன்னைக்குக் கோயில்ல சொன்னது பொய் இல்ல அம்மா. நானும் ஞானஸ்நானம் எடுத்தவன்தான்.”

“எந்தப் பெயரில்?”

நெஞ்சிலிருந்த தகட்டைத் தொப்பியால் மறைத்தான். அதற்கு மேல் எனக்கும் என் மிடுக்கு நிற்கவில்லை. அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தேன். இப்படி யாரிடமும் நான் கெஞ்சியதில்லை, இவர் சாகும்போது டொக்டரிடம்கூட. “கூண்டிலை ஏறி நடந்ததைச் சொல்லு ராசா. நீ கேட்டது, அவன் மாட்டன் எண்டது, நீ திரும்பக் கேட்டது. அவ்வளவும் போதும்.”

“எங்கட பொடியன் ஒருத்தன் வேலையில்லாம வீட்ல இருக்கான் அம்மா. அவன எடுக்கிற வரைக்கும் நாங்க யாரும் கூண்டுல ஏறுறதில்ல.”

“எடுத்த பிறகு?”

நிலத்தைப் பார்த்தான். “எடுத்த பிறகும்... அதச் சொன்னா நானும் வீட்லதான்.”

நான் கையை விட்டேன். போகத் திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டான்: “பிள்ள வளந்துட்டாளா அம்மா? நடக்கிறாளா?”

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

6 ஓகஸ்ட்

தலவிலைக் கோயிலில் புனித அன்னம்மாள் திருநாள். றோசலின் பிள்ளையோடு முழந்தாளில் நின்றதைத் தூரத்திலிருந்து கண்டேன். கிட்டப் போகவில்லை. அவள் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

12 செப்டெம்பர்

இடைநிறுத்திய கொன்ஸ்டபிளைத் திரும்ப எடுத்துவிட்டார்களாம். தாஹிர் கூப்பிட்டுக் காட்டினார்: ஜீப் கழுவித் துடைத்து ஓடுகிறது. சந்தியில் தலைக்கவசம் போடாதவர்களுக்கெல்லாம் தண்டத் துண்டு எழுதுகிறார்கள். பேனைகளுக்கு மை வந்துவிட்டது.

13 செப்டெம்பர்

விடிந்ததும் நிலையத்துக்குப் போனேன். சார்ஜன்டின் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது. “அம்மே, இனி என்னத்துக்கு? எங்கட ரிப்போட் கோட்டுக்குப் போயிட்டு,” என்றார். அவருக்கே வெட்கம்போல இருந்தது. என் பின்னால் வரிசை. என்னை விலகச் சொன்னார்கள்.

27 செப்டெம்பர்

இன்று எல்லோரும் வந்திருந்தார்கள். அறிக்கையும் வந்தது, பொதியும் வந்தது, பொலிஸ்காரரும் வந்தார்கள். அவனும் வந்து சுவரோரமாக இருந்தான்.

வழக்கைப் பேசினால் இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இழுக்கும், அதுவரை மறியல் என்று சட்டத்தரணி டிலானிடம் சொன்னார். ஒப்புக்கொண்டால் தண்டமும் ஒத்திவைத்த சிறையும், இன்றைக்கே வீடு. படகு மட்டும் அரசாங்கத்துக்குப் போகும்.

“நான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்,” என்று சட்டத்தரணியிடம் எழும்பிச் சொன்னேன். டிலான் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தான். “அன்ரி, விடுங்கோ. நான் வீட்டை போகோணும்.”

குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று வாசித்துக் கேட்டார்கள். குற்றவாளி என்றான். பெயர் தெரியாத ஒருவனுக்காகச் சொல்வதுபோலச் சொன்னான்.

என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாட்சி சொல்ல உடுத்த வெள்ளைச் சேலையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

2 ஒக்டோபர்

யதுர்சிகா தகப்பனிடம் போகிறாள் இல்லை. அழுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது.

15 ஒக்டோபர்

டிலான் கடற்கரையில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரருக்குப் பட்டப் பாய் தூக்கிக் கொடுக்கும் வேலைக்குப் போகிறான். அவனுடைய படகு பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடக்கிறது.

ஒரு பெடியன் முன்னறை வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்டு வந்தான். கழுத்தில் செபமாலை. இல்லை என்றேன். செபம் ஒன்றும் கேட்கவில்லை.

20 நவம்பர்

ஞானஸ்நானம் கொடுத்து ஒரு வருஷம்.

நான் உள்ளே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். றோசலின், இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு கடதாசிப் பொதி.

“அன்ரி, உங்கட தையல் மெசின் வேலை செய்யுதே?”

பெப்ரவரிக்குப் பிறகு இந்த வாசலில் அவள் கால் வைத்தது இன்றுதான். “ஓம்,” என்றேன். மெசினின் உறையைக் கழற்றினேன்.

பொதியை யாரோ கோயில் மூப்பரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பிள்ளையின் பெயர் மட்டும். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. கழுத்தில் சரிகை வேலை, நல்ல தையல். ஞானஸ்நானம் கொடுத்து வருஷம் நிறைந்தால் ஞானத்தகப்பன்தான் சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். யார் அனுப்பியது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“நெருப்பிலை போடத்தான் எடுத்தனான்,” என்றாள் றோசலின். “அவர் விடேல்ல. பிள்ளையைத் தொட்டவன் குடுத்தது, திருப்பக் கூடாதாம். எரிக்கவும் கூடாதாம்.”

பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். தோள் இரண்டும் சரிந்து விழுந்தது. விளிம்பு நிலத்தில் இழுபட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு என்று அளவு சொல்லித்தான் வாங்கியிருப்பான். கடைக்காரன் பிழையாகக் கொடுக்கவில்லை. இவள்தான் அந்த அளவுக்கு வளரவில்லை.

றோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு விளிம்பை மடித்தேன். ஒரு மடிப்பு, பிறகு இன்னொரு மடிப்பு. வெட்டவில்லை.

தைத்து முடிய வெயில் சாய்ந்துவிட்டது. தேத்தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். போக எழும்பும்போது கதிரையைச் சீமெந்துத் தரையில் பின்னால் இழுத்தாள். வீடு முழுக்கக் கிறீச்சிட்டது.

கதிரையை அவள் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன்.